அந்த முடிவை எடுத்தவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1920-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த பெருங்காமநல்லூரைப் பற்றி ஒரு வாசகருக்குச் சொன்ன பதிலைத் தொடர்ந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை வெள்ளைக்காரர் ஆட்சியைப் பற்றியவை. சில கோபமாக, சில ஆற்றாமையோடு. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தவள். கள்ளர் பிள்ளைகளுக்கென்று வெள்ளைக்கார அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள்.

காலனியம் என்றால் அந்நியர் ஆட்சி என்று படிக்கிறோம். மதுரையை ஆண்ட நாயக்கர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தாமே? ஆங்கிலேயரை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துப் பேச வேண்டும்?
(கல்லூரி மாணவி, திருமங்கலம்)

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய் மகளே. வெளியிலிருந்து வந்தவர் என்பது மட்டும் அளவுகோல் என்றால் உலகத்தில் பாதி அரச வம்சங்கள் காலனியவாதிகள் ஆகிவிடும்.

திருமலை நாயக்கரை எடுத்துக்கொள். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் காலத்திலும் வரிச்சுமை இருந்தது, போர் இருந்தது, குடிகள் பட்ட பாடு இருந்தது. நாயக்கர் காலத்தைப் பொற்காலம் என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவர் மதுரையில் வாழ்ந்தார். வைகை வறண்டால் அவர் களஞ்சியமும் வறளும். வாங்கிய வரியில் மகாலும் தெப்பக்குளமும் புதுமண்டபமும் இந்த ஊரிலேயே எழுந்தன. கல் தச்சனுக்கும் கொத்தனுக்கும் கூலி இங்கேதான் கிடைத்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்த கதை வேறு. ஆற்காட்டு நவாப் கம்பெனியிடமும் கம்பெனி ஆட்களிடமும் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுத்தார். எதிர்த்த கட்டபொம்மனை 1799-லும் மருது சகோதரர்களை 1801-லும் தூக்கிலிட்டார்கள். மருதுவின் ஆட்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதே 1801-ல் கர்நாடக உடன்படிக்கை மூலம் மதுரைச் சீமை முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. அன்றிலிருந்து மேலூரில் எவ்வளவு வரி, எந்த ஆண்டு தள்ளுபடி என்பதற்கெல்லாம் கடைசிப் பதில் லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களின் கணக்கில் இருந்தது. 1858-க்குப் பிறகு பங்குதாரர் போய் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வந்தது. அந்தப் பாராளுமன்றத்துக்கு ஓட்டுப் போட மேலூர்க்காரருக்கு உரிமை கிடையாது. லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் செலவும், ஓய்வுபெற்றுப் போன துரைகளின் பென்ஷனும், ரயிலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டியும் நம் வரிப்பணத்திலிருந்து போயின.

ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த விளக்கம் இதுதான்: ஓர் ஊரின் தலைவிதியை, அந்த ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாதவர் எழுதுவது. நிறமும் மொழியும் அதற்குப் பிறகு வருபவை.

தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தால் இது புரியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதே நேரத்தில், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் நடந்தது. பஞ்சப் பணிகளைப் பார்வையிட வைஸ்ராய் அனுப்பியவர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். நாள் முழுவதும் மண் வெட்டுகிறவனுக்கு இது எப்படிப் போதும் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அவரும் வெள்ளைக்காரர்தான் என்பதைக் கவனி.

டெம்பிள் பிறவியிலேயே கல்நெஞ்சரா? அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துச் சாவுகளைப் பெருமளவு தடுத்தவர் இதே மனிதர். அதற்காகப் பணத்தை வீணடித்தார் என்று பிரிட்டனில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். பீகாரில் உயிர் பிழைத்தவர்களால் அவருக்கு ஒரு பதவியும் வாங்கித்தர முடியாது. லண்டனில் திட்டியவர்களால் அவருடைய எதிர்காலத்தையே முடிக்க முடியும். அடுத்த முறை அவர் யாருக்குப் பயந்து நடந்தார் என்பதற்கு நம் பக்கத்துச் சாவுகள் சாட்சி.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-லேயே ஒழிந்துவிட்டது. இன்னும் அதையே பேசிக்கொண்டிருப்பதால் என்ன பயன்? எங்களுக்கு வேலைதான் முக்கியம்.
(காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர், செக்கானூரணி)

தம்பி, வேலை முக்கியம்தான். நீ காக்கிச் சட்டை போட்டு வந்து நிற்கும் நாளில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி உன் வீட்டாருக்கு இருப்பதற்குக் குறைந்ததாக இருக்காது. அதனாலேயே உனக்கு இந்தக் கதை வேண்டும்.

1871-ல் வட இந்தியாவுக்கென்று போட்ட சட்டம் 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தையே பரம்பரைக் குற்றவாளிகள் என்று அரசு அறிவித்துவிடலாம். குற்றம் நிரூபிக்க வேண்டாம். அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போக முடியாது. பிரமலைக் கள்ளர்கள் மட்டுமல்லாமல் குறவர், வலையர் என்று எத்தனையோ சமூகங்கள் அந்தப் பட்டியலில் விழுந்தன. வயது வந்த ஆண்கள் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் போலீஸ் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும்.

என் அப்பத்தா இதைப் பேசும்போது குரலை உயர்த்தவே மாட்டார். ரேகை வைத்துவிட்டு வந்த ஆண்கள் வாசலிலேயே நின்று, புளியும் சாம்பலும் வைத்து விரல் மையைத் தேய்ப்பார்களாம். மை போன பிறகும் தேய்ப்பார்களாம். கல்யாணமான அன்று ராத்திரி மாப்பிள்ளை சாவடிக்குப் போய்விடுவார். புதுப்பெண் மாமியாரோடு படுத்துக்கொள்வாள். சந்தையில் மாடு வாங்கப் போனவர் திரும்புவதற்குள் பொழுது இறங்கிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எதிர்ப்பட்ட போலீஸ்காரர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால் அவர் சீட்டில்லாதவர் ஆகிவிடுவார், நேரே லாக்கப்தான்.

இதற்கு முந்தைய காலத்தை நான் மெழுகிவிட விரும்பவில்லை. கள்ளர்கள் ஊர்களுக்குக் காவல் இருந்து காவல்கூலி வாங்கினார்கள். அதில் மிரட்டலும் இருந்தது. களவுபோன மாட்டைத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மீட்டுத் தந்த பழக்கமும் இருந்தது. கம்பெனி தன் போலீசைக் கொண்டுவந்து காவலை ஒழித்தது. அந்த வருமானம் போனது. எங்கள் பக்கம் மானாவாரிப் பூமி, பெரியாற்றுத் தண்ணீரும் வரவில்லை. களவு செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பது அரசின் கடமை. பிறந்தவனையெல்லாம் களவாணி என்று எழுதியது அதற்கு நேர்மாறான வேலை. ஒவ்வொருவரையும் விசாரிப்பதைவிட மொத்தமாகப் பெயர் எழுதிவைப்பது செலவு குறைந்தது, அவ்வளவுதான்.

1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் நின்றது. போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் செத்தார்கள். சுட்ட பிறகும் பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்திக் கூட்டிப்போனதாக எங்கள் ஊர்களில் இன்றும் சொல்வார்கள். அந்த மக்களுக்காக வழக்காடியவர் மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூர்க்காரர். அவரை எங்கள் மக்கள் ரோசாப்பூ துரை என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் உண்டு.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் நீங்கியது, மற்ற இடங்களில் 1952-க்குள் நீங்கியது. நீ சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. தனி ஆள் மீதுதான், சாதி மீது இல்லை என்றார்கள். கண்காணிக்கும் முறைகளில் பல அப்படியே தொடர்ந்தன. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், குற்றப் பரம்பரையாக இருந்தவர்களைத் தனியாக நடத்துவதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024 அக்டோபர் 3-ல். அதாவது நீ பிறந்து வளர்ந்த பிறகு. நாளைக்கு நீ நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வெளியூரில் கூடாரம் போட்டிருக்கும் ஒரு குடும்பத்தைப் பிடித்துவந்து நிறுத்துவார்கள். எந்த வழக்கு என்று கேட்டால், இவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று பதில் வரும். அந்த வார்த்தை உன் பூட்டனைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பாட்டனாரின் பெயரைச் சொல்லி பேனர் வைக்கிற சில பிள்ளைகள், பக்கத்துத் தெரு மனிதனைப் பிறப்பை வைத்து இழிவாகப் பேசுகிறார்கள். பெருங்காமநல்லூரில் குண்டு வாங்கியவர்கள் எதை எதிர்த்தார்கள் என்று இவர்களுக்கு யாருமே சொல்லவில்லையா என்று எனக்கு வயிறு எரிகிறது.

சீரமைப்புப் பள்ளிகளைத் தந்ததும் அதே அரசுதானே என்றும் கேட்டிருக்கிறாய். கையில் மை தடவிய அதே அரசுதான் எங்கள் பிள்ளைகளின் கையில் சிலேட்டையும் கொடுத்தது. உண்மை. என் அப்பா அப்படி ஒரு பள்ளியில் படித்தவர். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அப்பா நன்றியோடு நினைத்தது, ஐந்து மைல் நடந்து வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை. அந்த நன்றி சரியான முகவரிக்குப் போனது என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. அவர் இல்லையென்றால் எங்களுக்குச் சோறு இல்லை. காலனி ஆட்சியைக் குறை சொன்னால் நன்றி கெட்டதனம் ஆகாதா?
(விவசாயி, மேலூர்)

அய்யா, அந்தப் படத்தைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பியது சாதாரண வேலையா? சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் கொண்டு கட்டிய அணை. கட்டும்போதே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மலைக் காய்ச்சலில் கூலிகள் மடிந்தார்கள். 1895-ல் தண்ணீர் வந்தது. ஒரு மனிதர் தம் தொழிலுக்கு உண்மையாக இருந்தார் என்றால் அவரைக் கும்பிடுவதில் என்ன தவறு? அந்த மலையில் செத்த கூலிகளுக்கும் ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் நம் ஆட்கள்தான்.

ஆனால் பென்னிகுயிக் வேறு, அவரை வேலைக்கு வைத்திருந்த அரசு வேறு. இந்த ஆற்றைத் திருப்பும் யோசனை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்தது. பணமில்லாமல் நின்றது. கம்பெனி அதிகாரிகள் பலமுறை அளந்து பார்த்து, கட்டுப்படியாகாது என்று தள்ளி வைத்தார்கள். தாது வருஷத்தில் ஜனங்கள் செத்து, வரி வசூலும் விழுந்த பிறகுதான் வேகம் வந்தது. கட்டிய செலவுக்கு ஈடாக நம் தாத்தாக்கள் தண்ணீர்த் தீர்வை கட்டினார்கள். யாரும் தானமாகத் தரவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒப்பந்தம். 1886 அக்டோபர் 29-ல் சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் கையெழுத்திட்டன. அணைக்காகக் குத்தகைக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். திருவிதாங்கூர் மகாராஜாக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்துப் பார்த்தார்கள், கடைசியில் பேரரசின் நெருக்குதலுக்கு இணங்கினார்கள். அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியார் மக்களையும் யாரும் கேட்கவில்லை, தண்ணீர் வாங்கும் மேலூர் மக்களையும் கேட்கவில்லை. 1970-ல் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்த்திப் புதுப்பித்தோம். 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் வரை போய், 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பு வாங்கினோம். தண்ணீர் நமக்கு உயிர், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கீழே வாழ்கிறவனுக்கு மழைக்காலத்தில் தூக்கம் இல்லை, அதுவும் உண்மை. இரண்டு பக்கத்துக் குடியானவனும் ஒருவனை ஒருவன் எதிரியாகப் பார்க்கிறான். இருவரின் பாட்டன்களும் அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 999 ஆண்டுக்கு ஒரு முடிவை எடுத்துவிட்டு அவர்கள் 61 ஆண்டில் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

நான் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியை. வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் எங்கள் முன்னோர் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார்கள். மற்றவர்களைப் போல அந்த ஆட்சியை முழுத் தீமை என்று பேச எங்களால் முடியவில்லை. இதற்கு உங்கள் பதில் என்ன?
(அலங்காநல்லூர்)

முழுத் தீமை என்று நீங்கள் பேச வேண்டியதில்லை அம்மா. உங்கள் கேள்வியை மறைத்துவிட்டுக் காலனியத்தைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை. ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் உங்கள் முன்னோருக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாதவர்களாகவே இருந்தார்கள். நான் மேலே சொன்ன விளக்கத்தை அவர்கள் மீதும் பொருத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834-ல் வந்தது. பசுமலையில் தொடங்கி, பிறகு அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது அவர்கள் வேலை. மற்றவர்கள் திண்ணையில் ஏற்றாத பிள்ளைகளை அவர்கள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்கான மரியாதை அவர்களுக்குச் சேரட்டும். அவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிகள், ஆட்சி செய்தவர்கள் வேறு ஆட்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். அரசும் ஒன்று செய்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களில் எவ்வளவோ இன்று வேறு கைகளில் இருக்கின்றன. அதை மீட்டுத் தராதது நம்முடைய சொந்த அரசுகள்.

ஆனால் கோயில் வாசலில் அந்த ஆட்சி என்ன செய்தது என்று பாருங்கள். 1817-லேயே ஒரு சட்டம் போட்டுக் கோயில் சொத்துகளின் மேற்பார்வையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. உண்டியல் கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கண்ணில் படவில்லை. சமய வழக்கங்களில் தலையிட மாட்டோம் என்றார்கள். தலையிடவில்லையா? 1897-ல் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் போனார்கள். ராமநாதபுரம் ராஜா தரப்பு வழக்குப் போட்டது. மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. கடைசியாக லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், 1908-ல், உள்ளே போக உரிமை இல்லை என்று முடித்தது. கமுதி மண்ணை மிதித்தறியாத நீதிபதிகள், வழக்கம் என்று மேல்சாதியார் எதைச் சொன்னார்களோ அதைச் சட்டம் ஆக்கினார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் என்றாவது ஒருநாள் வாதாடி வெல்லக்கூடிய ஒன்றுக்குப் பேரரசின் முத்திரை குத்தப்பட்டது.

அந்தக் கதவை மதுரையில் திறந்தது 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனவர்களில் தும்பைப்பட்டி கக்கன் ஒருவர். அதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் மனுப் போட்டும் மாநாடு கூட்டியும் உழைத்தார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் கிடைத்தது ஆட்சியின் கருணையால் என்று எழுதினால், அதைக் கேட்டு வாங்கிய உங்கள் முன்னோரின் உழைப்பு காணாமல் போய்விடும். எனக்கு அதுதான் வருத்தம்.

எங்கள் கண்மாய் தூர்ந்து கருவேல மரக் காடாகக் கிடக்கிறது. இதற்கும் வெள்ளைக்காரனைக் காரணம் சொல்கிறார்கள். அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டதே?
(கள்ளிக்குடி)

இரண்டு பேர் மீதும் பழி இருக்கிறது, சம பங்கு இல்லை.

கண்மாய் என்பது கரையும் தண்ணீரும் மட்டுமில்லை. மடை திறக்க நீர்ப்பாய்ச்சி இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கணக்கு. அதற்கு அவருக்கு அறுவடையில் பங்கும் மானிய நிலமும் உண்டு. கோடையில் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இந்த ஏற்பாட்டிலும் நியாயம் முழுசாக இல்லை. மண்வெட்டியைப் பிடித்தவர் ஒருவர், முதல் தண்ணீரை வாங்கியவர் வேறொருவர். ஆனால் கரை உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும்.

வெள்ளைக்கார அரசு வரியைக் கடைசிக் காசு வரை கணக்குப் பார்த்தது. மானிய நிலங்களில் பலவற்றுக்கும் வரி போட்டது. கண்மாய்கள் வருவாய்த்துறைக்கும் பொதுப்பணித்துறைக்கும் உரியவை ஆயின. தண்ணீருக்குத் தீர்வை வாங்கினார்கள், பராமரிப்புக்கு அதில் சிறு துளியைத் திருப்பினார்கள். பராமரிப்பு நின்றதும், மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க 1858-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மானியத்தைப் பறித்துவிட்டுக் குடிமராமத்தை மட்டும் கேட்டால் யார் வருவார்?

அதற்குப் பிறகு நடந்தது நம் கணக்கு. மதுரை செல்லூர்க் கண்மாயைச் சுருக்கியது எந்தத் துரையும் இல்லை. கருவேலத்தை வளரவிட்டதும், வரத்துக்கால்வாயில் பிளாட் போட்டதும், அதை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டதும் நாம். சோகம் என்னவென்றால், அவர்கள் வைத்துவிட்டுப் போன ஏற்பாட்டை நாம் மாற்றவே இல்லை. சொந்த ஊர்க் கண்மாயில் வயலுக்கு வண்டல் எடுக்க வேண்டுமானால், இன்றும் விவசாயி மனு எழுதி, நில ஆவணங்களை இணைத்து, அதிகாரி அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அனுமதி வருவதற்குள் மழை வந்துவிடும். திங்கட்கிழமை காலையில் கலெக்டர் அலுவலக வாசலில் போய் நின்று பாருங்கள் அய்யா. எழுபது வயது மூதாட்டி, மடித்த மனுவை மஞ்சள்பையில் வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு நிற்கும் காவலர் பையைச் சோதித்து முடிக்கும் வரை வெயிலில் நிற்கிறார். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நிலைமை வருமளவுக்கு மனுக்கள் தேங்கியிருக்கின்றன. காலனியத்தின் நீண்டகால விளைவு எது என்று என்னைக் கேட்டால், ரயில் பாதையையோ ஆங்கிலத்தையோ சொல்ல மாட்டேன். அந்த வரிசையைத்தான் காட்டுவேன்.

மதுரையில் மாரட் வீதி, விளக்குத்தூண் என்று வெள்ளைக்காரர் நினைவுகள் இன்னும் இருக்கின்றனவே. பெயர்களை மாற்றிவிடலாமா?
(ஜவுளி வியாபாரி, மதுரை)

மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. விளக்குத்தூண் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரத்தை விரித்தவர் அவர். அந்த வேலையில் இருந்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் வீதிகளாக நிற்கின்றன. ஒரு மேஸ்திரியின் பெயர் ஒரு வீதிக்கு நிலைத்த ஊர் நம் ஊர், எனக்கு அதில் பெருமை. பெயரை எடுத்தால் கதையும் போய்விடும். யார் இவர்கள் என்று பக்கத்தில் நாலு வரி எழுதி வைத்தால் போதும். தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிற கூட்டம் நின்று படிக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் காலனிய வரலாற்றை இடங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். ஒருநாள் பயணத்தில் எங்கெல்லாம் போகலாம்?
(பள்ளி ஆசிரியர், சோழவந்தான்)

காலையில் விளக்குத்தூணில் தொடங்குங்கள். கடைகள் திறப்பதற்கு முன் போனால்தான் பிள்ளைகள் நிற்க இடம் இருக்கும். அங்கிருந்து மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22-ல் காந்தி தம் உடையைக் குறைத்துக்கொண்ட வீடு அங்கே இருக்கிறது, மாடியைக் காட்டுங்கள். யானைக்கல்லில் ஜார்ஜ் ஜோசப் சிலை. பலர் தினமும் கடந்து போகிறார்கள், யாரென்று தெரியாமல். பிறகு தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம். கம்பெனி காலத்திலிருந்து விடுதலை வரை படங்களோடு வரிசையாக இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியும் அங்கே உண்டு. அதற்கு மட்டும் பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உசிலம்பட்டி வழியாகப் பெருங்காமநல்லூர். நினைவுத் தூணில் இருக்கும் பெயர்களை பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெயராகச் சத்தமாக வாசிக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் யாராவது வந்து நிற்பார்கள், அவர்களைப் பேசவிடுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஏப்ரல் 3 அன்று போகாதீர்கள். அன்றைக்குக் கட்சிக்காரர்கள் கூட்டம் அதிகம், பிள்ளைகளால் கிட்டே போக முடியாது. தண்ணீர் பாட்டில்களை உசிலம்பட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.